பழைய லாரிக்குப் புதிய ஆல்டர்னேட்டர்

பழைய லாரிகளில் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் ஆல்டர்னேட்டர் பொருத்தும் வழக்கம் நம் நாட்டுப் பணிமனைகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடம் கற்பிக்க வைத்திருக்கும் லாரிகளிலும், ஆர்வலர்கள் பேணிவரும் லாரிகளிலும் இம்மாற்றத்தைக் காணலாம். வேலை அரை நாளில் முடிந்துவிடுகிறது. விளக்குகள் முன்னிலும் பிரகாசமாக எரிகின்றன. ஆயினும், சில வாரங்களில் கம்பியின் உறை உருகிப் புகை எழும் வண்டிகளும் உண்டு. இதற்குப் புதிய இயந்திரம் காரணமன்று. இயந்திரத்தை மாற்றியவர்கள் அதனோடு சேர்ந்த மின்சுற்றை மாற்றாமல் விட்டதே காரணமாகும். எதை மாற்றவேண்டும், எவ்வளவு மாற்றவேண்டும், ஏன் மாற்றவேண்டும் என்பவற்றை இக்கட்டுரையிற் காண்போம்.

டைனமோவின் இயல்பு

1954-ஆம் ஆண்டு டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு ஜம்ஷெட்பூரில் லாரிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. சென்னையை அடுத்த எண்ணூர்த் தொழிற்சாலை 1955-ஆம் ஆண்டு முதல் அசோக் லேலண்டு என்ற பெயரைப் பெற்றது. அக்காலத்து லாரிகளில் பாட்டரிக்கு மின்னேற்றம் செய்தது டைனமோவே.

காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் சுழன்றால் அதில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை. டைனமோவில் காந்தப் புலத்தைத் தரும் சுருள்கள் வெளிக்கூட்டில் அசையாது நிற்கின்றன; மின்சாரம் உண்டாகும் சுருள் உள்ளே சுழல்கிறது. சுழலும் சுருளில் உண்டாவது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டமாகும். பாட்டரிக்கு வேண்டுவதோ ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். ஆகவே, அச்சின் முனையில் செம்புத் துண்டுகளால் ஆகிய கம்யூட்டேட்டர் அமைந்துள்ளது. கார்பன் பிரஷ்கள் அதன்மீது உராய்ந்து, மின்னோட்டத்தின் திசை மாறும் தருணத்தில் இணைப்பையும் மாற்றிக்கொடுக்கின்றன.

இவ்வமைப்பில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, உண்டாகும் மின்சாரம் முழுவதும் பிரஷ்களின் வழியே வெளிவர வேண்டியிருக்கிறது. அதனால் பொறி பறக்கிறது; பிரஷ்கள் விரைவில் தேய்கின்றன. இரண்டாவது, கனத்த சுருளும் கம்யூட்டேட்டரும் சுழல்வதால் மிகுந்த வேகத்தை அவை தாங்கமாட்டா. ஆதலின் டைனமோவின் கப்பி பெரிதாக வைக்கப்படுகிறது. என்ஜின் மெதுவாக ஓடும்போது டைனமோ இன்னும் போதிய வேகம் பெறாமல், மின்னேற்றம் செய்யாமலே சுழல்கிறது. மூன்றாவது, டைனமோவின் மின்னழுத்தம் பாட்டரியினுடையதைவிடத் தாழ்ந்தால், பாட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி டைனமோவுக்குள் பாயும். இதைத் தடுக்கக் கட்-அவுட் என்னும் தானியங்கித் துண்டிப்பான் தேவை. அதனுடன் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கட்டுப்படுத்தும் சாதனங்களும் சேர்ந்ததே ரெகுலேட்டர் பெட்டி.

இரவில் மழையில் சந்தை நெரிசலினூடே ஊர்ந்து செல்லும் லாரியை எண்ணிப் பாருங்கள். முகப்பு விளக்கு, வைப்பர், ஹாரன் எல்லாம் வேலை செய்கின்றன. டைனமோவோ ஒன்றும் கொடுப்பதில்லை. சுமை முழுவதும் பாட்டரியின்மேல் விழுகிறது. விளக்கு மங்கிய லாரி அதனை ஓட்டுபவருக்கு மட்டுமன்றி, எதிரே வருபவருக்கும் ஆபத்தாகும்.

ஆல்டர்னேட்டரின் அமைப்பு

ஆல்டர்னேட்டரில் இவ்வமைப்பு தலைகீழாக்கப்பட்டுள்ளது. காந்தம் சுழல்கிறது, மின்சாரம் உண்டாகும் சுருள்கள் வெளிக்கூட்டில் அசையாது நிற்கின்றன. நிற்கும் பகுதிக்கு ஸ்டேட்டர் என்றும், சுழலும் பகுதிக்கு ரோட்டர் என்றும் பெயர். பிரஷ்களின் வழியே செல்வது ரோட்டரைக் காந்தமாக்கத் தேவையான சில ஆம்பியர் மட்டுமே. அவையும் பிளவற்ற வழுவழுப்பான வளையங்களின்மேல் உராய்வதால் தேய்மானம் குறைவு. ரோட்டர் உறுதியான அமைப்புடையதாதலின் நிமிஷத்திற்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேற்பட்ட வேகத்தையும் தாங்கும்.

ஸ்டேட்டரில் உண்டாவது மூன்று பிரிவுகளாக அமைந்த மாறுதிசை மின்னோட்டம். இதனை ஒருதிசையாக்குவன ஆறு சிலிக்கன் டயோடுகள். டயோடு என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வு போன்றது. ஆகவே, இரு இயந்திரங்களின் உள்ளேயும் பிறப்பது மாறுதிசை மின்சாரமே. ஒன்றில் அதனை நேர்ப்படுத்துவது உராயும் செம்பு. மற்றொன்றில் அசையாத சிலிக்கன். மாணவர்கள் மனத்தில் இவ்வேற்றுமை தெளிவாகப் பதியவேண்டும்.

டயோடு பின்னோக்கி மின்சாரத்தை விடாதாதலின் கட்-அவுட் தேவையில்லை. ஸ்டேட்டர்ச் சுருளின் மின்தூண்டல் தன்மை தானாகவே மின்னோட்டத்துக்கு ஓர் உச்ச வரம்பை ஏற்படுத்துவதால், மின்னோட்டக் கட்டுப்பாட்டுச் சாதனமும் வேண்டுவதில்லை. மின்னழுத்தக் கட்டுப்பாடு மட்டும் எஞ்சுகிறது. இன்றைய ஆல்டர்னேட்டர்களில் அதுவும் உள்ளேயே அடங்கிவிட்டது. மலிவும் உறுதியும் வாய்ந்த சிலிக்கன் டயோடுகள் கிடைத்த பின்னரே இவ்வியந்திரம் மோட்டார் வண்டிகளில் பரவியது. 1960-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியண்ட் காரில் இதனைப் பொருத்தி வெளியிட்டது.

முதலிற் கணக்கு

எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் வேண்டும் என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது. வண்டியின் மின்சுமையே தீர்மானிக்கவேண்டும். 12 வோல்ட் அமைப்புடைய ஒரு லாரி, கிராமங்களில் அறிவிப்பு செய்ய ஒலிபெருக்கியும் ஏற்றிச் செல்வதாகக் கொள்வோம்.

முகப்பு விளக்குகள் 2: 110 வாட்
பக்க விளக்குகளும் பின் விளக்குகளும் 4: 20 வாட்
எண் பலகை விளக்கு: 5 வாட்
மீட்டர் விளக்குகள்: 10 வாட்
வைப்பர்: 35 வாட்
ஓட்டுநர் அறை விசிறி: 20 வாட்
ஒலிபெருக்கி: 100 வாட்
மொத்தம்: 300 வாட்

என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 13.5 வோல்ட் எனக் கொண்டால், 300-ஐ 13.5-ஆல் வகுக்க ஏறக்குறைய 22 ஆம்பியர் கிடைக்கும். அக்காலத்து 12 வோல்ட் டைனமோக்களில் பலவற்றின் உச்ச அளவே இதுதான். பாட்டரிக்கு ஒன்றும் மிஞ்சாது.

பாட்டரியின் தேவையையும் கணக்கிடலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் 300 ஆம்பியர் வீதம் 10 விநாடி இயங்கினால் செலவாவது 3,000 ஆம்பியர்-விநாடி. இதனை 5 ஆம்பியர் வீதம் ஈடு செய்ய 600 விநாடி, அதாவது 10 நிமிஷம் ஆகும். இழப்புகளைச் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். எனவே சுமைக்கு 22, பாட்டரிக்கு 8, ஆக 30 ஆம்பியர் வேண்டும். மெதுவான ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் முழு அளவைத் தராது என்பதையும் கருதினால், 45 ஆம்பியர் அளவுள்ளது போதுமானது.

“விலை அதிகமில்லையே, 120 ஆம்பியர் இயந்திரத்தையே போட்டுவிடலாமே” என்று சிலர் கேட்பர். 45 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 630 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 விழுக்காடு எனக் கொண்டால், அது முழு அளவில் இயங்கும்போது பெல்ட் சுமக்கவேண்டியது ஏறக்குறைய ஒன்றரைக் குதிரைத்திறன். 120 ஆம்பியருக்கோ நான்கு குதிரைத்திறன் வேண்டும். தண்ணீர்ப் பம்பையும் சேர்த்துச் சுழற்றும் பழைய ஒற்றைப் பெல்ட் இதனைத் தாங்காமல் வழுக்கும். பெல்ட் அறுந்தால் என்ஜினுக்குக் குளிர்ச்சியும் நின்றுபோகும். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் பலமன்று, பாரமே.

கனரக லாரிகள் பலவற்றில் 24 வோல்ட் அமைப்பு உண்டு. அவற்றுக்கு 24 வோல்ட் ஆல்டர்னேட்டரே வேண்டும். மிகப் பழைய அமெரிக்க வண்டிகளில் 6 வோல்ட் அமைப்பும் உண்டு. அவற்றை 12 வோல்ட்டுக்கு மாற்றினால் பல்புகள், ஹாரன், மீட்டர்கள் முதலிய அனைத்தையும் மறு பரிசீலனை செய்யவேண்டும்.

புவி முனை எது?

வண்டியின் சட்டத்தோடு பாட்டரியின் எந்த முனை இணைக்கப்பட்டுள்ளது என்பதை வேலை தொடங்குமுன்பே பார்க்கவேண்டும். பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள் பலவற்றில் நேர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டர்களுக்கு எதிர்முனை சட்டத்தோடு இணைந்திருக்கவேண்டும். இதனை மாற்றாமல் இணைத்தால், இணைத்த கணமே பாட்டரியின் மின்சாரம் டயோடுகளின் வழியே தடையின்றிப் பாய்ந்து அவற்றை எரித்துவிடும்.

மாற்றுவது கடினமன்று. பாட்டரியைத் திருப்பி வைத்து இணைப்புகளை மாற்றவேண்டும். நேர்முனைக் குமிழ் சற்றுப் பருமனானதாதலின், கவ்விகளையும் மாற்ற நேரிடும். ஆம்மீட்டரின் இரு கம்பிகளை இடம் மாற்றவேண்டும். பெட்ரோல் என்ஜினாயின் இக்னிஷன் காயிலின் சிறு முனைகளையும் மாற்றவேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடவேண்டியதில்லை. அதன் புலச் சுருளிலும் சுழலும் சுருளிலும் ஒருங்கே திசை மாறுவதால், சுழலும் திசை மாறுவதில்லை. நிலைக்காந்தம் உள்ள விசிறி மோட்டார் மட்டும் எதிர்த்திசையில் சுழலும். அதன் கம்பிகளை மாற்றிவிடலாம். ரேடியோ, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பரிசோதிக்காமல் மீண்டும் இணைக்கலாகாது.

பொருத்தும் முறை

டைனமோ நீண்டு ஒடுங்கியது. ஆல்டர்னேட்டர் குட்டையாய்ப் பருத்தது. ஆகவே, பழைய தாங்கியின் இரு காதுகளுக்கிடையே மிஞ்சும் இடைவெளியை இரும்புக் குழாய்த் துண்டினால் நிரப்பி, ஒரே நீண்ட போல்ட்டினால் இறுக்கவேண்டும். என்ஜின் கப்பி, தண்ணீர்ப் பம்புக் கப்பி, ஆல்டர்னேட்டர்க் கப்பி ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்கவேண்டும். டைனமோவின் பின்முனையால் வேறு ஏதேனும் கருவி இயக்கப்பட்டிருந்தால், அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் டைனமோவைக் கழற்றலாகாது.

கப்பியின் அளவு முக்கியம். என்ஜின் கப்பியின் விட்டம் 180 மி.மீ., டைனமோக் கப்பியின் விட்டம் 120 மி.மீ. எனில், என்ஜின் நிமிஷத்திற்கு 500 சுற்று ஓடும்போது டைனமோ 750 சுற்றே சுழலும். ஆல்டர்னேட்டரின் 70 மி.மீ. கப்பியாயின் ஏறத்தாழ 1,290 சுற்றுகள் சுழலும். என்ஜின் 2,800 சுற்று வேகத்தில் ஓடினாலும் ஆல்டர்னேட்டரின் வேகம் 7,200 சுற்றே. இஃது அபாயமற்ற அளவு. டைனமோவின் பழைய பெரிய கப்பியை எடுத்து ஆல்டர்னேட்டரில் மாட்டினால் இம்மாற்றத்தின் பயனே போய்விடும்.

கம்பிகளை மாற்றுதல்

இப்பகுதியை யாவரும் ஊன்றிப் படிக்கவேண்டும். பழைய அமைப்பில் மின்சாரம் டைனமோவிலிருந்து ரெகுலேட்டர் பெட்டிக்கும், அங்கிருந்து ஆம்மீட்டருக்கும், பின்னர் பாட்டரிக்கும் சுற்றிச் செல்கிறது. இவ்வழியின் நீளம் 5 மீட்டர் என்றும், கம்பியின் குறுக்குப் பரப்பு 4 சதுர மி.மீ. என்றும் கொள்வோம். செம்பின் தடையைக் கொண்டு கணக்கிட்டால் இக்கம்பியின் தடை ஏறக்குறைய 0.0215 ஓம்.

22 ஆம்பியர் ஓடும்போது இதில் உண்டாகும் வெப்பம் சுமார் 10 வாட். 45 ஆம்பியர் ஓடும்போதோ 43 வாட்! மின்னோட்டம் இரு மடங்காகும்போது வெப்பம் நான்கு மடங்காகிறது. இவ்வெப்பம் கம்பியின் நீளம் முழுவதும் பரவியிருந்தால் ஓரளவு பொறுக்கலாம். ஆனால் பல்லாண்டு பழுதுற்ற இணைப்பு முனைகளில் தடை மிகுதி. வெப்பம் அங்கே குவிகிறது. அருகில் எண்ணெய் படிந்த துணியுறைக் கம்பிகள் இருக்கின்றன. தீ பிறப்பது இவ்விடத்தில்தான்.

ஆகவே, ஆல்டர்னேட்டரின் பெருமுனையாகிய பி முனையிலிருந்து பாட்டரியின் நேர்முனைக்கு 10 சதுர மி.மீ. பரப்புள்ள புதிய கம்பியை நேரே கொண்டு செல்லவேண்டும். அதன் நீளம் 2 மீட்டர் எனில், 45 ஆம்பியரிலும் வெப்பம் 7 வாட்டே. இக்கம்பியில் 60 ஆம்பியர் பியூஸ் ஒன்றைப் பாட்டரியின் அருகில் வைக்கவேண்டும். கம்பி எங்கேனும் சட்டத்தில் உரசி வெறுமையானால், பெரும் மின்னோட்டத்தைக் கொட்டுவது பாட்டரியே. ஆதலின் காவல் அதன் வாயிலிலேயே இருக்கவேண்டும். என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் புவிப் பட்டையையும் சுரண்டித் துலக்கி இறுக்கவேண்டும். போகும் வழி அகலமாயிருந்து, திரும்பும் வழி ஒடுங்கியிருந்தால் பயனில்லை.

30 ஆம்பியர் வரை காட்டும் பழைய ஆம்மீட்டரின் வழியே மின்னேற்றத்தை விடுவது தகாது. அதன் இடத்தில் அல்லது அருகில் வோல்ட்மீட்டர் வைப்பது நலம். ரெகுலேட்டர் பெட்டியைப் பழைய தோற்றத்திற்காக அப்படியே விட்டுவைக்கலாம். ஆனால் கம்பிகள் யாவற்றையும் அதிலிருந்து விடுவித்து, டைனமோவின் டி, எஃப் முனைகளுக்குச் சென்ற பழைய கம்பிகளின் நுனிகளை உறையிட்டு மூடவேண்டும். விளக்குகள் முதலியவற்றுக்கு அப்பெட்டியின் வழியே மின்சாரம் பெற்ற கம்பிகளை, தக்க பியூஸுடன் பாட்டரியிலிருந்து தனியே இணைக்கவேண்டும்.

எச்சரிக்கை விளக்கு எல் முனையில் இணைக்கப்படும். இது வெறும் அடையாள விளக்கன்று. பல ஆல்டர்னேட்டர்களில், சாவியைத் திருப்பியதும் இதன் வழியே செல்லும் சிறு மின்னோட்டமே ரோட்டரை முதன்முதல் காந்தமாக்குகிறது. 2.2 வாட் பல்பு ஏறக்குறைய 0.18 ஆம்பியர் தருகிறது. மின்னேற்றம் தொடங்கியதும் பல்பின் இரு பக்கமும் மின்னழுத்தம் சமமாகிவிடுவதால் விளக்கு அணைகிறது. பல்பு எரிந்துபோனால் இயந்திரம் மெதுவான ஓட்டத்தில் விழித்துக்கொள்ளாமலே இருக்கக்கூடும்.

செய்யத் தகாதவை

டைனமோவுக்குச் சரியாயிருந்த சில பழக்கங்கள் ஆல்டர்னேட்டருக்கு நஞ்சாகும். அனுபவமிக்க மெக்கானிக்குகளே இங்குத் தவறிவிடுகின்றனர்.

1. கம்பியைச் சட்டத்தில் தட்டிப் பொறி பறக்கிறதா என்று பார்க்கலாகாது. டயோடுகள் அக்கணமே அழியும்.
2. டைனமோவுக்குப் புதிதாகக் காந்தமூட்டுவதுபோல் ஆல்டர்னேட்டரின் முனைகளைப் பாட்டரியோடு தொட்டு எடுக்கலாகாது.
3. என்ஜின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றலாகாது. மின்னழுத்தம் திடீரென எழும்பி டயோடுகளையும் ரெகுலேட்டரையும் கெடுக்கும்.
4. சட்டத்தில் மின் வெல்டிங் செய்யுமுன் பாட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றிவிடவேண்டும்.
5. வேறு வண்டியின் பாட்டரியால் உதவி பெறும்போது முனைகளை மாற்றி இணைக்கலாகாது.

சோதனை

என்ஜின் ஓடாதபோது, நல்ல நிலையிலுள்ள 12 வோல்ட் பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓட்டினால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டவேண்டும். 13-க்குக் கீழே நின்றால் மின்னேற்றம் இல்லை. 15-க்கு மேலே போனால் ரெகுலேட்டர் பழுது. பாட்டரியின் நீர் விரைவில் வற்றும்.

அடுத்து, எல்லா விளக்குகளையும் ஏற்றி, வோல்ட்மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பி முனையிலும், மற்றதைப் பாட்டரியின் நேர்முனையிலும் வைக்கவேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ இணைப்பு தளர்ந்துள்ளது. ஆல்டர்னேட்டரின் கூட்டுக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே இவ்வாறே பார்க்கவேண்டும், அங்கு 0.2 வோல்ட்டுக்கு மேற்படலாகாது. அரைமணி ஓட்டிய பின் இணைப்பு முனைகளின் அருகே கையை வைத்துப் பாருங்கள். என்ஜினின் வெப்பத்துக்கு மேற்பட்ட சூடு எந்த முனையிலேனும் தெரிந்தால், அம்முனையைப் பிரித்துத் துலக்கி மீண்டும் இறுக்குங்கள்.

புழுதிச் சாலைகளில் செல்லும் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகள் அடைபடாமல் காக்கவேண்டும். வண்டியைக் கழுவும்போது அதன்மேல் நேரே நீரைப் பீய்ச்சலாகாது.

ஆசிரியர்களுக்கு

மேற்கூறிய தத்துவத்தை வகுப்பறையில் காட்ட லாரி வேண்டியதில்லை. சைக்கிள் விளக்கு டைனமோ என வழங்குவது உண்மையில் சுழலும் காந்தமுடைய ஒரு சிறு ஆல்டர்னேட்டரே. அதன் முனைகளில் 1,000 ஓம் தடையுடன், சிவப்பு, பச்சை நிறமுடைய இரு எல்.இ.டி. விளக்குகளை ஒன்றுக்கொன்று எதிராக இணையுங்கள். மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் மாறி மாறி ஒளிரும். பின்னர் நான்கு டயோடுகளைப் பாலம் போல் அமைத்து இடையிற் சேருங்கள். ஒரு நிற விளக்கு மட்டுமே எரியும். மாறுதிசை மின்சாரம் ஒருதிசையானதை மாணவர்கள் கண்ணாலேயே கண்டுவிடுவர்.

அதன் பின்னர் கீழ்வரும் கணக்குகளைக் கொடுக்கலாம்.

1. மேற்கூறிய லாரியின் முகப்பு விளக்குகள் இரண்டையும் தலா 60 வாட் ஆக்கினால் மொத்தச் சுமை எத்தனை ஆம்பியர்?
2. 5 மீட்டர் நீளமும் 6 சதுர மி.மீ. பரப்பும் உடைய கம்பியில் 45 ஆம்பியர் ஓடினால் வெப்பம் எவ்வளவு? ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மி.மீ. பரப்பும் உடைய செம்புக் கம்பியின் தடை 0.0172 ஓம் எனக் கொள்க.
3. ஆல்டர்னேட்டருக்குக் கட்-அவுட் தேவையில்லாதது ஏன்?

கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அதனைத் தாங்கியோடும் போல்ட்டுகளோடும் துடைத்து, எண்ணெயிட்டு, வண்டியின் பெயரெழுதிய சீட்டுக் கட்டி வைத்திருங்கள். தாங்கியில் புதிய துளை இடாமல் வேலை செய்திருந்தால், வண்டியை எந்நாளிலும் அதன் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும். பயிற்சி நிலையத்திலோ, பிரித்து வைத்த டைனமோவும் ஆல்டர்னேட்டரும் மேசைமேல் அருகருகே இருந்தால், மாணவர்களுக்கு அதைவிடச் சிறந்த பாடப்படம் வேறில்லை.